ரெண்டு மூடி அரிஷ்டம்

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்க வேண்டும். அழகுத்தாய்க்கு இருந்த ஆசை அவ்வளவுதான். நான்கு மாதமாக அது நடக்கவில்லை.

குயில்பாறை எஸ்டேட்டின் மேல் லயத்தில் ஆறு வீடுகள் ஒரே தகரக் கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஐந்தாவது வீடு அவளுடையது. கட்டில் ஆறாவது வீட்டுச் சுவரை ஒட்டிக் கிடந்தது. இடப்பக்கம் ஒருக்களித்தால்தான் அந்தச் சுவர் முகத்துக்கு நேரே வரும். அந்த இடப்பக்க இடுப்பெலும்பில்தான் புற்று வந்து குடியேறியிருந்தது. மார்பில் தொடங்கியதை அறுத்து எடுத்தார்கள். மூன்று வருஷம் சும்மா இருந்துவிட்டு எலும்புக்கு இறங்கிவிட்டது. இப்போது மல்லாந்து கிடக்கலாம், வலப்பக்கம் சரியலாம், தலையணையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். இடப்பக்கம் மட்டும் முடியாது. ஒரு விரற்கடை சாய்ந்தாலும் காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டுத் திருகுவதுபோல இருக்கும்.

அந்தச் சுவரில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பச்சை வண்ணம் உரிந்த ஒற்றைச் செங்கல் சுவர். ஒரு ஆள் உட்கார்ந்தால் தோள் உயரம் வரும் இடத்தில் காரை பெயர்ந்து ஒரு குழி. அந்தப் பக்கத்திலும் அதே இடத்தில் ஒரு குழி உண்டு. முப்பத்தொரு வருஷம் இரண்டு பெண்கள் கரண்டிக் காம்பால் தட்டித் தட்டி உண்டாக்கிய குழிகள். இரண்டு தட்டினால் டீ ஆகிவிட்டது. மூன்று தட்டினால் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. விடாமல் தட்டினால் கோபம்.

அந்தப் பக்கம் இருந்தவள் மாரீஸ்வரி.

அவள் கல்யாணமாகி லயத்துக்கு வந்தபோது அழகுத்தாய்க்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கும் வேலையில் நான்கு வருஷப் பழக்கம். இருந்தும் ஒரே மாதத்தில் மாரி அவளை முந்திவிட்டாள். இரண்டு கையாலும் கிள்ளுவாள், வாயாலும் விடமாட்டாள். கங்காணி மேட்டில் நின்று கத்தினால், "அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டியிருக்கு, யாராவது தண்ணி கொடுங்கட்டி" என்பாள். அடுத்தடுத்த நிரையில் இருவரும் நடப்பார்கள். நிறுவைக்குப் போகும் வழியில் மாரி தன் சாக்கிலிருந்து இரண்டு பிடி அள்ளி அழகுத்தாயின் சாக்கில் போடுவாள். கேட்டால், அண்ணி முறை வைத்து, "மயினிக்கு எடை கொறைஞ்சா எனக்குல்லா ஏச்சு" என்பாள். அழகுத்தாய் ஒருநாளும் அவளை ஏசியதில்லை.

மாரியின் புருஷன் பாண்டித்துரை குடிகாரன். ஆற்றோரப் புதருக்குள் யாரோ சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று தெரிந்த அன்று, கவாத்துக் கத்தியோடு பதினேழு பெண்களைத் திரட்டிக்கொண்டு போனவள் மாரி. முதல் பானையை அவள் உடைத்தாள், இரண்டாவதை அழகுத்தாய் உடைத்தாள். புளித்த ஊறல் சேலையெல்லாம் தெறித்தது. லயத்துக்கு வந்து வெந்நீர் வைத்துத் தலை முழுகினார்கள். பிறகு, அன்று சனிக்கிழமை என்பதால், ஆளுக்கு ஒரு மூடி அரிஷ்டம் குடித்துவிட்டுப் படுத்தார்கள்.

இதில் சிரிக்க எதுவும் இருப்பதாக அன்று யாருக்கும் தோன்றவில்லை. அரிஷ்டம் மருந்து. பஜாரில் வைத்தியசாலை என்று பலகை மாட்டிய கடையில் வாங்குவது. உடம்பு வலிக்கு நல்லது, பெற்ற உடம்புக்கு நல்லது, ஆடியில் அடிக்கும் கர்க்கடக மழைக்கு நல்லது. ஆறு நாள் மலைச்சரிவில் ஏறி இறங்கிய முழங்காலும் தோளும் சனிக்கிழமை மாலை அதைக் கேட்கும். புட்டியோடு வரும் சின்ன அளவுக் குப்பி எப்போதோ தொலைந்துவிட்டது. தேயிலைக் காட்டுக்கு டீ கொண்டுபோகும் பிளாஸ்கின் மூடிதான் அளவு. சின்னக் குப்பியைப் போல நாலு மடங்கு பிடிக்கும். மேல் லயம், கீழ் லயம், எங்கு போனாலும் அதே அளவுதான்.

வெல்லமும் மூலிகையும் பீங்கான் பரணியில் புளிக்கும்போது உள்ளே என்ன உண்டாகிறது என்று அந்தப் பெண்களிடம் யாரும் சொன்னதில்லை. ஆற்றோரப் பானையில் எது உண்டானதோ அதே சரக்குத்தான், அளவுதான் குறைவு. பானையை உடைக்கப் போலீஸ் வரும், பெண்கள் போவார்கள். பரணிச் சரக்குக்குச் சீட்டு ஒட்டி, சாமி படத்துக்குக் கீழே அடுக்கி, கும்பிட்டு விற்பார்கள்.

*

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கர்க்கடகத்தில் ஏழாம் நம்பர் காட்டில் மாரி வழுக்கி விழுந்தாள். தோளெலும்பு முறிந்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரி பூட்டிப் பல வருஷமாகியிருந்ததால் ஜீப்பில் போட்டு டவுனுக்குக் கொண்டுபோனார்கள். அழகுத்தாய்தான் கூடப் போனாள். வரிசையில் எண்பது பேர். டாக்டர் படத்தைப் பார்த்தார், கட்டுப் போடச் சொன்னார், தலை நிமிராமல் குடிப்பழக்கத்தைப் பற்றி மலையாளத்தில் கேட்டார்: "மத்யபானம் உண்டோ?"

வலியோடு வலியாக மாரி சிரித்துவிட்டாள். "எங்களைப் பார்த்து இந்தக் கேள்வி கேட்ட மொத ஆளு நீங்கதான் சாரே." அழகுத்தாயும் சிரித்தாள். டாக்டர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

பாண்டித்துரை செத்த பிறகு உறக்கமில்லை என்று இன்னொரு டாக்டரிடம் மூன்று வருஷமாகக் கடுகளவு மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறாளே, அதை இந்த டாக்டர் கேட்கவில்லை. முப்பது வருஷம் அடுப்புப் புகை குடித்த நெஞ்சு மழைக்காலம் வந்தால் விசிலடிக்கிறதே, அதையும் கேட்கவில்லை. வலிக்கு என்று பச்சையும் மஞ்சளுமாக ஒரு கேப்சூல் எழுதினார். அதோடு எது சேரக் கூடாது என்பது அட்டையின் முதுகில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. வாங்கியவர்கள் இருவரும் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள், அதுவும் தமிழில்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்ட பிறகு மாரியால் உட்கார முடியவில்லை. கேப்சூல் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டாயிற்று. முந்தின ராத்திரி உறங்கவில்லை என்று கடுகு மாத்திரையும் போட்டாயிற்று. அழகுத்தாய் அரிஷ்டப் புட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

"ஒரு மூடி போதும் மயினி."

"ரெண்டாக் குடிட்டி. எலும்பு கூடாண்டாமா?"

மாரி முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். அழகுத்தாய் இரண்டு கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டாள்.

"நாளைக்குக் கங்காணி வந்து கேட்டா, மாரீஸ்வரி கலெக்டர் வேலைக்குப் போயிட்டான்னு சொல்லு" என்றாள் மாரி.

"சொல்லுதேன். படு."

வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை கேட்டது. மாரி குறட்டை விடுகிறவள்தான், ஆனால் அன்றைக்கு மரம் அறுப்பதுபோல இருந்தது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. நான்கு நாளாக உறங்காதவள் உறங்குகிறாள் என்று அழகுத்தாய்க்கு வயிறு குளிர்ந்தது. எழுப்பிவிடக் கூடாதென்று டீவியின் சத்தத்தைக் குறைத்தாள். கூரை மேல் மழை பெய்தது. ஒரு சமயத்தில் குறட்டை நின்றது. புரண்டு படுத்திருப்பாள் என்று நினைத்தாள்.

நாலு மணிக்கு டீ போட்டாள். கரண்டிக் காம்பால் இரண்டு தட்டினாள். பதில் இல்லை. மூன்று தட்டினாள். பிறகு விடாமல் தட்டினாள்.

*

விதி என்றார்கள். லயத்துக் கோடாங்கி உடுக்கையடித்துப் பார்த்து, ஏழாம் நம்பர் காட்டில் அவள் விழுந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது, வீட்டுக்கு வந்தது வெறுங்கூடு என்றான். அதற்குச் சேவலும் வாங்கிக்கொண்டான். கம்பெனிக்காரர்கள் நெஞ்சடைப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். மலையில் ஒரு கொழுந்துக்காரி செத்தால் ஏன் செத்தாள் என்று கேட்பதற்கு ஆள் கிடையாது. கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். இரண்டு டாக்டர்கள் எழுதிய இரண்டு சீட்டுகள் மேல் லயத்தின் ஆறாவது வீட்டு அலமாரியில் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. அவற்றைச் சேர்த்து வைத்து ஒரு தரம் படிக்க ஒருவர் இருந்திருந்தால் போதும்.

பெண்கள் தாங்களாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்தப் பச்சை மாத்திரைதான் மாரியைத் தின்றது. அதன்பின் மேல் லயத்தில் யாரும் வலி மாத்திரையைத் தொடவில்லை. எல்லாரும் அரிஷ்டத்தை நம்பினார்கள்.

அழகுத்தாய் மட்டும் அந்த இரண்டு மூடியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. தன் மகன் பாண்டீஸ்வரனிடமும் சொல்லவில்லை. மாத்திரைதான் என்று எல்லாரும் சொல்லும்போது தலையாட்டுவாள்.  மிச்சமிருந்த கேப்சூல் அட்டையையும், கால் புட்டி அரிஷ்டத்தையும் அவள்தான் எடுத்துவந்து பிஸ்கட் டின்னில் வைத்தாள். லயத்தில் யார் வீட்டில் மாத்திரை மிஞ்சினாலும் அந்த டின்னுக்குத்தான் வரும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இருமல் எதுவானாலும் பெண்கள் வந்து நிறம் சொல்லி வாங்கிப் போவார்கள்.

ஆறாவது வீட்டைக் கம்பெனி ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது. புத்னி என்று ஒருத்தி, அவள் புருஷன், இங்கே வந்த பிறகு பிறந்த ஒரு கைக்குழந்தை. குழந்தை ஏதோ ஒரு பாஷையில் அழுதது, அவள் ஏதோ ஒரு பாஷையில் பாடினாள். இரண்டு வருஷத்தில் அழகுத்தாய் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் ஒன்றுமில்லை. அந்த வாசலில் வேறொருத்தி நிற்பதைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பிறகு எலும்பில் வலி வந்தது. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மார்ஃபின் என்ற வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பாண்டீஸ்வரன் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன். ஒருநாள் ஓட்டத்தை விட்டுவிட்டுப் போய் வாங்கி வந்தான். வலி மாத்திரை என்று கேட்டதும் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"மாரியைக் கொன்னதுக்கு இது அண்ணன்காரன்லா? எனக்கு வேண்டாம்."

"அம்மா, நீ படுத பாட்டை என்னால பாக்க முடியலை."

"பாக்காதே. ஜீப்பை எடுத்துட்டுப் போ."

அவன் போன பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். இந்த வலி தனக்கு வர வேண்டியதுதான் என்று ஒரு நினைப்பு உள்ளே ஊறிக்கொண்டிருந்தது. அந்த நினைப்பில் ஒரு சுகமும் இருந்தது. வலியைத் தண்டனை என்று நம் மக்களுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் எவரோ, அவர்கள் எலும்பு வலி கண்டவர்களாக இருந்திருக்க முடியாது. ஒரு குற்றமும் செய்யாத பச்சைப் பிள்ளைக்கும் அதே புற்றுதான் வருகிறது, அதே வலிதான் வலிக்கிறது.

வலி ஒரு பக்கம் இருக்க, அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. காரை பெயர்ந்த குழியில் கையை வைத்துக்கொண்டு கண்ணயர வேண்டும். பல சமயம் மல்லாந்தபடியே கையை நீட்டி விரல் முட்டியால் இரண்டு தட்டுவாள். அந்தப் பக்கம் குழந்தையின் அழுகை நின்றுவிடும். பிறகு வெறும் அமைதி.

*

தீரா நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கும் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் மாறினாள். புதிதாக வந்தவள் செல்வப்பிரியா, பாலக்காட்டுப் பக்கம் மீனாட்சிபுரத்துக்காரி. தோளில் பையும் கையில் குடையுமாக மேட்டில் ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே நின்றாள்.

"ஏனுங்கம்மா, உங்கூட்டுக்கு வரதுக்குள்ள எனக்கே ஒரு மாத்திரை வேணுமாட்ட இருக்குதுங்க."

அழகுத்தாய் வலியை மறந்து அவளைப் பார்த்தாள். "நீ எந்த ஊர் தமிழ்டி பேசுதே?"

"மீனாட்சிபுரமுங்க. ஒரு பக்கம் பொள்ளாச்சி, ஒரு பக்கம் பாலக்காடு. நீங்க பேசறதுதான் எனக்குச் சினிமா பாக்கற மாதிரி இருக்குதுங்க."

அவள் கட்டிலருகில் தரையிலேயே உட்கார்ந்தாள். நாடி பார்த்தாள். மூச்சை ஒரு நிமிஷம் முழுசாக எண்ணினாள். ஒவ்வொன்றாகக் கேட்டாள். இளைப்பு உண்டா, சிறுநீர் சரியாகப் போகிறதா, கிட்னி பார்த்த சீட்டு இருக்கிறதா, வலிப்பு வந்ததுண்டா, உறக்க மாத்திரை, இருமல் மருந்து ஏதாவது உண்டா. பதிலை எழுதிக்கொண்டாள். கடைசியாக, "குடிப்பழக்கமுங்க?" என்றாள்.

"செருப்பு பிஞ்சிரும். சாராயப் பானையை உடைச்ச கை இது."

செல்வப்பிரியா கோபப்படவில்லை. பேனாவை மூடினாள். "எங்கப்பாரு சென்னியப்பனும் இப்படித்தானுங்க. எங்க தோப்புல கள்ளு இறக்க மரம் விட்டிருக்குதுங்க. மரத்துக்காரனுக்குன்னு தினமும் காலம்பற ஒரு புட்டி வாசல்ல வெச்சுட்டுப் போவாங்க. அம்பது வருஷமாக் குடிக்கறாரு. டாக்டர் கேட்டா, 'குடிப்பழக்கமா, நம்ம வம்சத்துலயே இல்லீங்க'ம்பாரு. அவருக்கு அது சோறு. அதனால நான் இப்பல்லாம் வேற மாதிரி கேக்கறதுங்க. சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிஞ்சா உடம்பு வலிக்கு என்ன குடிப்பீங்க?"

அழகுத்தாய் பிஸ்கட் டின்னைக் காட்டினாள்.

செல்வப்பிரியா அதைத் திறந்து தரையில் பரப்பினாள். பாதி வீட்டை அடைக்கும் அளவுக்கு அட்டைகள். ஒரு ஓரத்தில் பச்சை மஞ்சள் கேப்சூல் ஐந்து. அதனருகில் கால் புட்டி அரிஷ்டம். கட்டிலுக்கடியில் புதுப் புட்டி வேறு இருந்தது.

"எத்தனை குடிப்பீங்க?"

"வாரத்துக்கு ஒரு மூடிதான். வலி வந்தப்புறம் தினமும்."

"எந்த மூடி?"

பிளாஸ்க் மூடியைப் பார்த்ததும் செல்வப்பிரியாவின் புருவம் ஏறி இறங்கியது. "இதுலயும் சாராயச் சத்து இருக்குதுங்கம்மா. கொஞ்சம்தான். தனியாக் குடிச்சா உறக்கம் வரும், அத்தோட போயிரும். ஆனா மார்ஃபின்கூட இது ஆகாது. உறக்க மாத்திரையும் ஆகாது. மூணும் ஒரே வேலையைத்தான் செய்யுமுங்க. மூளையில மூச்சு விடச் சொல்ற இடத்தை உறங்க வெச்சுரும். ஒருத்தர் தாலாட்டினாப் பரவாயில்லைங்க, மூணு பேர் சேர்ந்து தாலாட்டினா அது எந்திரிக்காது. நெஞ்சுல சளி, இளைப்பு இருக்கறவங்களுக்கு இன்னும் சீக்கிரம்."

பிறகு, எல்லா வீட்டிலும் சொல்வதைச் சொன்னாள். "மருந்து ஆரம்பிச்ச மொத ரெண்டு மூணு நாளு கூட ஒருத்தர் கவனிக்கோணும். எழுப்பினா எந்திரிக்கிறீங்களான்னு பாக்கோணும். பெருசாக் குறட்டை கேட்டு, நடுவுல நின்னு நின்னு வந்துச்சுன்னா, நல்ல உறக்கம்னு உட்றக்கூடாது. மூச்சு அடைக்குதுன்னு அர்த்தமுங்க. அப்பவே உலுக்கி எழுப்போணும், எனக்கு ஃபோன் பண்ணோணும்."

அழகுத்தாயின் முகம் சாம்பல் பூத்ததை அவள் கவனித்தாள்.

"ஏனுங்கம்மா, வலிக்குதுங்களா?"

"நான் டீவியைக் கொறைச்சேன்" என்றாள் அழகுத்தாய்.

அதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். குறட்டை, மழை, நாலு மணி டீ, இரண்டு மூடி. இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாதது வெளியே வந்தது. அழவில்லை. கணக்கு ஒப்பிக்கிற பிள்ளைபோலச் சொன்னாள். முடித்துவிட்டுக் கேட்டாள்: "நான் ஊத்திக் கொடுத்ததுதான் அவளைக் கொன்னுச்சா?"

இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது சுலபம். செல்வப்பிரியா அந்த ஐந்து கேப்சூல்களையும் கையில் எடுத்தாள்.

"அதுவும் ஒண்ணுங்கம்மா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது மட்டும்னா மாரியம்மா சாயங்காலம் எந்திரிச்சு டீ குடிச்சிருப்பாங்க. கேப்சூல் மட்டும்னாலும் எந்திரிச்சிருப்பாங்க. உறக்க மாத்திரை, ரெண்டு கேப்சூல், அரிஷ்டம், புகை தின்ன நெஞ்சு, நாலும் ஒரே நாளு ஒண்ணாச் சேந்துருச்சு. சேரக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சவங்க நெறையப் பேரு இருந்தாங்க. எழுதினவங்களுக்குத் தெரியும், வித்தவங்களுக்குத் தெரியும். ஒருத்தரும் உங்க பாஷையில வாய் திறந்து சொல்லலை. நீங்க அவங்க மேல பிரியமா ஊத்தினீங்க. மத்தவங்க அந்தப் பிரியம்கூட இல்லாமச் செஞ்சாங்க."

அழகுத்தாய் சொன்னாள்: "அப்ப இந்த வலி எனக்குக் கெடக்கட்டும்."

"கெடந்தா அவங்க வந்துருவாங்களா?"

"வரமாட்டா."

"வந்தா என்ன சொல்லுவாங்க?"

அழகுத்தாயின் வாய் ஓரம் லேசாகக் கோணியது. "'கிறுக்கச்சி மயினி'ன்னு ஏசுவா."

"உங்களுக்கு இப்ப என்ன வேணுமுங்க? வலி போறதை உடுங்க. போனா என்ன செய்யோணும்?"

அழகுத்தாய் சுவரைக் காட்டினாள். "இந்தாலத் திரும்பிப் படுக்கணும்."

இதைவிடப் பெரிய ஆசைகளையெல்லாம் செல்வப்பிரியா கேட்டிருக்கிறாள். பேரன் கல்யாணம், பழனி மலை, ஒருவாய் கறிச்சோறு. ஆனாலும் பேனாவைத் திறந்து அதையும் எழுதிக்கொண்டாள்.

*

மருந்து எப்படிப் போட வேண்டும் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். நாலு மணி நேரத்துக்கு ஒன்று. ஒன்றுக்கு இரண்டு கிடையாது. வலி அடங்கவில்லை என்றால் தானாகக் கூட்டக் கூடாது, ஃபோன் பண்ண வேண்டும். கூடவே வயிறு இளக ஒரு மருந்து. "இதை மறந்தீங்கன்னா இடுப்பு வலி போயி வேற வலி வந்துருமுங்க" என்றாள். டின்னை முழுசாகப் பையில் கொட்டிக்கொண்டாள். புதுப் புட்டியையும் எடுத்தாள். கால் புட்டியை எடுக்கும்போது அழகுத்தாய் கையை நீட்டினாள். செல்வப்பிரியா அதன் மூடியைத் திறந்து அரிஷ்டத்தை வாசல் சாக்கடையில் ஊற்றி, கழுவி, காலிப் புட்டியை அவள் கையில் கொடுத்தாள்.

"கூட ஆருங்க இருப்பாங்க?"

பாண்டீஸ்வரன் ஆறு மணிக்கு ஜீப் எடுத்தால் அந்தியில்தான் வருவான். அவன் வந்த பிறகு அவன் பார்த்துக்கொள்வான். பகலில் யார்? லயத்துப் பெண்கள் காட்டில் இருப்பார்கள்.

"பக்கத்து ஊட்ல குழந்தை சத்தம் கேக்குதுங்களே."

 அழகுத்தாய் கையிலிருந்த காலிப் புட்டியைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, விரல் முட்டியால் சுவரை இரண்டு தட்டினாள்.

அழுதுகொண்டிருந்த குழந்தை சட்டென்று அமர்ந்தது. அந்த வீட்டுக் கதவு திறந்தது. ஆனால் காலடிச் சத்தம் இந்தப் பக்கம் வரவில்லை, தூரமாகப் போயிற்று. செல்வப்பிரியா வெளியே எட்டிப் பார்த்தாள். புத்னி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மழைத் தூறலில் குழாயடியை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தாள். செல்வப்பிரியா அவளைக் கூப்பிட்டு அழைத்து வந்தாள்.

வாசலிலேயே நின்றுவிட்டாள் புத்னி. இருபத்திரண்டு வயது இருக்கும். மலையாளமும் தமிழும் கலந்து தெரிந்ததைச் சொன்னாள். "சேச்சி, குட்டி இனி கரையாது, அழாது. சேச்சி தட்டும், ஞான் வெளியே கொண்டுபோகும்."

நான்கு மாதம். அழகுத்தாய் மாரியை நினைத்துக் கை நீட்டிய ஒவ்வொரு தடவையும் இந்தப் பெண் அதட்டல் என்று நினைத்து, வெயிலானாலும் மழையானாலும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருக்கிறாள். அழகுத்தாய் அவளையே பார்த்தாள்.

"உள்ள வாட்டி" என்றாள். "நனையுதே பாரு, பிள்ளை."

புத்னிக்கு வார்த்தை புரியவில்லை, கை அசைந்தது புரிந்தது. வந்து உட்கார்ந்தாள். செல்வப்பிரியா பாதி மலையாளம், பாதி சைகையாக விளக்கினாள். பகலில் மணிக்கு ஒரு தரம் நீ சுவரில் இரண்டு தட்ட வேண்டும். அந்தப் பக்கம் பதில் வந்தால் சரி. வரவில்லையென்றால் ஓடி வந்து உலுக்க வேண்டும். எழவில்லையென்றால் எனக்கு ஃபோன். குறட்டையைத் தானே விட்டுக் காட்டினாள். குழந்தை சிரித்தது. புத்னி சிரிக்கவில்லை. உதடு அசைய ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அழகுத்தாய் முதல் மாத்திரையை விழுங்கினாள்.

மறுநாள் குமட்டல். அதற்கு அடுத்த நாள் அரை மயக்கமாக ஒரு உறக்கம். புத்னி தட்டினாள், அழகுத்தாய் பதில் தட்டினாள். ஒருமுறை பதில் கொஞ்சம் தாமதமாகியது. அரைத்த மசாலாக் கையோடு புத்னி வந்து கட்டிலருகில் நின்றாள். "ஒண்ணுமில்லட்டி, போ" என்று சொல்ல வேண்டியிருந்தது.

நாலாம் நாள் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அழகுத்தாய் இடது கையை ஊன்றினாள். கொஞ்சம் சாய்ந்து பார்த்தாள். உள்ளே இருந்த கம்பி இருந்த இடத்தில்தான் இருந்தது, ஆனால் சூடு இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். தலையணை கன்னத்தைத் தொட்டது. சுவர் முகத்துக்கு நேரே இருந்தது. பச்சை வண்ணம் இன்னும் உரிந்திருந்தது. குழிக்குள் ஒரு சிலந்தி கூடு கட்டியிருந்தது. விரலால் அதை வழித்துவிட்டு உள்ளங்கையை அங்கே வைத்தாள். சுவர் குளிர்ந்திருந்தது. அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டு அழுதது. யாரும் அதை வெளியே எடுத்துப் போகவில்லை.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாளோ. கண் செருகி வரும்போது சுவர் தட்டியது.

இரண்டு தட்டு.

நாலு மணி இருக்கும். டீ நேரம். உள்ளங்கைக்குள் அந்த அதிர்வு வந்து நின்றது. இது கரண்டிக் காம்பு இல்லை, வெறும் கை. குழிக்குக் கீழே எங்கேயோ படுகிறது. மாரியாக இருந்தால் சரியாகக் குழியில் விழும். எல்லாம் அழகுத்தாய்க்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் பதில் தட்டுகிற வரைக்கும் அந்தப் பக்கம் யார் என்பது தீர்மானமாகாது. அதுவரைக்கும் அங்கே ஒருத்தி பல் தெரியச் சிரித்துக்கொண்டு, சேலை முந்தியில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். கலெக்டர் வேலை முடிந்து வந்துவிட்டேன் மயினி என்று சொல்லலாம். அந்த நேரத்தை இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. கதவுத் தாழ்ப்பாள் இழுபட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் மழையில் ஓடி வரப்போகிறாள்.

அழகுத்தாய் சுவரில் இரண்டு தட்டினாள்.